வடக்கன்குளம் தந்த இரு பெயர்கள்

குலசேகரன்பட்டினத்தை அடுத்த மணப்பாடு முதலான முத்துக்குளித்துறை ஊர்களில் கத்தோலிக்க நெறி பதினாறாம் நூற்றாண்டிலேயே வேரூன்றிவிட்டது. தூய சவேரியார் 1542இல் இக்கரைக்கு வந்தபோது பரதவர் பலர் முன்னரே திருமுழுக்குப் பெற்றிருந்தனர். கடலோரத்தில் தழைத்த அந்நெறி, காலப்போக்கில் உள்நாட்டு ஊர்களையும் எட்டியது. நெல்லைச் சீமையின் தென்பகுதியில், திருவிதாங்கூர் எல்லையை ஒட்டி அமைந்த வடக்கன்குளம் அவற்றுள் ஒன்று. இல்லறத்தார் ஒருவரின் வாழ்வும் முடிவும் அவ்வூரின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கின்றன.

அவர் நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை. மன்னர் மார்த்தாண்ட வர்மரின் ஆட்சியில் பத்மநாபபுரத்து அரண்மனை அலுவலராய் விளங்கியவர். பார்கவியம்மாளை மணந்து இல்லறம் நடத்தியவர். 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் டச்சுப்படை தோற்றது. அப்போரில் சிறைப்பட்ட தெ லனாய், பின்னர் அம்மன்னரின் படைக்கே பயிற்சியளிக்கும் பொறுப்பை ஏற்றார். நீலகண்டருக்கு அவர் நண்பரானார். கால்நடைகள் மடிந்தும் பொருள் அழிந்தும் குடும்பம் தளர்ந்திருந்த வேளையில், யாவற்றையும் இழந்தும் நம்பிக்கை இழவாத யோபுவின் வரலாற்றைத் தெ லனாய் எடுத்துரைத்தார் என்பது வழிவழிச் செய்தி.

நீலகண்டர் எல்லை கடந்து வடக்கன்குளம் சென்று, இயேசு சபைத் துறவி புத்தாரி அடிகளாரிடம் 1745 மே 14 அன்று திருமுழுக்குப் பெற்றார். சூட்டப்பட்ட பெயர் லாசர். 'கடவுள் உதவினார்' என்பது எபிரேய மூலத்தில் அதன் பொருள். அப்பொருளையே தாங்கி நிற்பது தேவசகாயம் என்னும் பெயர். பார்கவியம்மாளும் பின்னர் அந்நெறி தழுவி ஞானப்பூ ஆனார். அயல்நாட்டு ஒலியை அப்படியே சுமக்காமல், பொருளை நம் செவிக்கு இசைந்த சொல்லில் வார்த்த அழகு கவிஞர்கள் எண்ணி மகிழத்தக்கது.

பெயர் மாறியதோடு அவர் நின்றுவிடவில்லை. தாழ்த்தப்பட்டோரெனத் தள்ளிவைக்கப்பட்டவர்களோடு வேற்றுமையின்றிக் கலந்து பழகினார். இது மேலோரின் சினத்தைக் கிளறியது. அரச துரோகக் குற்றம் சாட்டப்பெற்று 1749 பிப்ரவரியில் சிறைப்பட்டார். எருமை மேல் பின்புறமாக அமர்த்தி, எருக்கம்பூ மாலை சூட்டி ஊர்தோறும் இழுத்துச் சென்றனர் என்று திருச்சபை வரலாறு கூறும். மூன்றாண்டுத் துன்பத்தின் முடிவில், 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்தம் எச்சங்கள் கோட்டாற்றுச் சவேரியார் கோவிலில் அடக்கம் செய்யப்பட்டன.

கணவரின் தியாகம் பேசப்படும் அளவுக்கு மனைவியின் பொறை பேசப்படுவதில்லை. சிறைப்பட்டவருக்கு மூன்றாண்டில் விடுதலை கிட்டியது. ஞானப்பூ அம்மையாரோ அதன்பின் பதினான்கு ஆண்டுகள் கைம்மை நோற்று, வடக்கன்குளத்தில் 1766இல் மறைந்தார். நம்பிக்கைக்கு ஒருவர் கொடுக்கும் விலையில் பாதியை அவர் இல்லம் கொடுக்கிறது என்பதற்கு அவ்வம்மையாரின் வாழ்வே சான்று.

அவர் எதிர்த்து நின்ற சாதி மட்டும் அவரோடு மாயவில்லை. அதே வடக்கன்குளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த கோவில், சாதிக்கொரு பக்கமாய் இரு கவைகளாகக் கட்டப்பட்டது. இடையே நின்ற பிரிவினைச் சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. தேவசகாயம் திருமுழுக்குப் பெற்று ஏறத்தாழ 165 ஆண்டுகள் கடந்த பின்னரே, அவர் வாழ்ந்து காட்டிய பாடத்தை அவ்வூர் கற்றது.

2012 டிசம்பர் 2 அன்று அருளாளராகவும், 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிசால் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். இந்தியப் பொதுநிலையினருள் புனிதர் நிலை எய்திய முதல்வர் அவரே. துறவியும் அல்லர், குருவும் அல்லர், மனையறம் பூண்டவர். அவ்வேளையில் 'பிள்ளை' என்னும் சாதிப்பெயர் விலக்கப்பட்டு, தேவசகாயம் என்ற பெயரே நிலைபெற்றது. வடக்கன்குளம் சூட்டிய அப்பெயரும் ஞானப்பூ என்ற பெயரும் எச்சாதியையும் சுட்டாதவை. நாம் நம் மக்களுக்குப் பெயர் சூட்டும்போதும், பெயருக்குப் பின்னால் எதைச் சேர்ப்பது என்று எண்ணும்போதும் அவ்விரு பெயர்களையும் நினைவிற்கொள்வது நலம்.