ரோலர் இழுத்தவனுக்கு எது மைதானம்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்தத் திடலுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். இந்தப் பக்கம் கிரிக்கெட், அந்தப் பக்கம் ஃபுட்பால். பிட்ச் மேல ஓடிட்டான்னு ஒரு சண்டை, கோல் போஸ்ட் பக்கத்துல ஸ்டம்ப் நட்டுட்டான்னு இன்னொரு சண்டை. 'மொதல்ல வந்தது நாங்க' என்று இரண்டு தரப்பும் சொல்லும். பசங்க சமாச்சாரம் என்று பெரியவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். ஒதுக்க முடியாது. இரண்டு ஆட்டங்கள் ஒரே மண்ணுக்கு மோதும்போதுதான் அந்த மண் யாருடையது என்ற கேள்வி வெளியே வருகிறது.

இந்தச் சண்டைக்கு இந்தியாவில் எழுதப்பட்ட ஒரு வரலாறு உண்டு. 1897இல் பம்பாயில் ஷாபூர்ஜி சொராப்ஜி என்ற பார்சிக்காரர் ஒரு புத்தகம் போட்டார். வெள்ளையரின் போலோவுக்கும் சுதேசிகளின் கிரிக்கெட்டுக்கும் நடந்த போராட்டம்தான் அதில் பாதி. வெள்ளையருக்கு மட்டுமேயான பம்பாய் ஜிம்கானா 1875இல் தொடங்கப்பட்டது. அவர்கள் கிரிக்கெட் ஆடும் புல்தரையில் மற்றவன் கால் வைக்க முடியாது. ஆனால் அவர்களுடைய போலோ குதிரைகள் மட்டும், சுதேசிப் பையன்கள் ஆடுகிற பொது மைதானத்தில் ஓடும். குளம்பு பட்டுத் தரை பள்ளமும் மேடுமாகிவிடும். அதில் பந்து எப்படி நேராக வரும்? 1881இல் கவர்னருக்கு மனு கொடுத்தார்கள். போலோவை வேறிடத்துக்கு மாற்றினார்கள். பிறகு திரும்பவும் விட்டார்கள். ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

கடைசியில் அரசு என்ன செய்தது? மைதானத்தைப் பொதுவாக்கவில்லை. கடலோரத்தில் பார்சிகளுக்குத் தனி நிலம் கொடுத்தது. அடுத்து முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் தனித்தனி ஜிம்கானா வந்தது. 'எல்லாருக்கும் இடம்' என்று தொடங்கிய போராட்டம் 'எங்களுக்கு ஓர் இடம்' என்று முடிந்தது.

இந்தக் கணக்கில் விடுபட்ட ஒருவர் உண்டு. பல்வங்கர் பாலு. தோல் தொழில் செய்யும் தாழ்த்தப்பட்ட சாதியில் 1876இல் தார்வாடில் பிறந்தவர். பூனாவில் வெள்ளையர் கிளப்பில் மாதம் நாலு ரூபாய் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். தரையை உருட்டிச் சமன் செய்வது, கோடு போடுவது, வலை கட்டுவது அவர் வேலை. துரைமார்கள் மட்டை பிடித்துப் பழக, இவர் பந்து போட வேண்டும். இப்படிப் போட்டுப் போட்டே பெரிய இடதுகைப் பந்துவீச்சாளரானார். ஆனால் மட்டையை அவர் கையில் கொடுக்கவில்லை.

வெள்ளையரை ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை வந்ததும் பூனாவின் இந்து கிளப்புக்கு பாலு தேவைப்பட்டார். பிராமணர்கள் சிலர் எதிர்த்தும் சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்துக்குள் அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டார்கள். இடைவேளையில் அவருக்கு மட்டும் பெவிலியனுக்கு வெளியே தேநீர், அதுவும் தூக்கிப்போடும் மண்குவளையில். சாப்பாட்டுக்குத் தனித் தட்டு. நம்ம ஊர் டீக்கடை ரெட்டைக் குவளை அங்கே மண்குவளையாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

1906இல் வெள்ளையர் அணியை இந்து அணி 109 ரன்னில் தோற்கடித்தது. பாலுவின் பந்துவீச்சு இல்லாமல் அது நடந்திருக்காது. 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணிக்கு 114 விக்கெட் எடுத்தார். கேப்டன் பதவி மட்டும் கடைசிவரை வரவில்லை. 1920இல் அவர் தம்பிகள் ஆட மறுத்து எதிர்ப்புத் தெரிவித்த பிறகே அசைந்தார்கள். 1923இல் தம்பி விட்டல் கேப்டனானார். கெஞ்சி வாங்கியதல்ல, மறுத்து வாங்கியது.

போலோக்காரன் 'என் மைதானம்' என்றான். கிரிக்கெட்காரனும் 'என் மைதானம்' என்றான். உருட்டிச் சமன் செய்தவனை இரண்டு பேருமே மைதானத்துக்காரன் என்று எண்ணவில்லை. இன்றும் ஏரிப் புறம்போக்கில் முள்ளு வெட்டி, கல்லு பொறுக்கி, தண்ணி தெளித்துத் தரையாக்குவது பெரும்பாலும் காலனிப் பசங்கதான். டோர்னமென்ட் நோட்டீஸ் அடிக்கும்போது ஊர்ப் பெயர் போடுகிறார்கள். காலனி பெயர் காணோம்.

கிரிக்கெட்டா ஃபுட்பாலா என்பதைப் பசங்களே பேசித் தீர்த்துக்கொள்வார்கள், காலையில் ஒருத்தர், சாயங்காலம் ஒருத்தர் என்று. இடைவேளையில் யார் எந்த டம்ளரில் குடிக்கிறார்கள், கோப்பையை யார் கையில் கொடுக்கிறார்கள் என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.