துப்பாக்கி கேட்பவன் யார்?

ஓசூரிலிருந்து பெங்களூர்ச் சாலையில் சிறிது நேரம் போனால் ஜூஜூவாடி. அதற்கு அப்பால் அத்திப்பள்ளி; அது கர்நாடகம். நடுவே ஆறு கிடையாது, மலையும் கிடையாது. கடைப் பலகையில் எழுத்து மாறுவதைப் பார்த்துத்தான் ராஜ்யம் மாறிவிட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்த எல்லைக்கும் துப்பாக்கி லைசென்ஸுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. அதைச் சொல்லுமுன் கொஞ்சம் பழைய கதை பேச வேண்டியிருக்கிறது.

துப்பாக்கி வாங்க வருகிறவன் யார், எப்படிப்பட்டவன் என்று விசாரித்த பிறகே அதை அவன் கையில் கொடுக்க வேண்டுமா? அமெரிக்காவில் இது இன்றும் தீராத வழக்கு. நம் நாட்டில் விசாரிக்க வேண்டும் என்பது எப்போதோ முடிவாகிவிட்டது. ஆனால் விசாரிப்பவன் என்ன கேட்டான் என்பதில்தான் சரித்திரமே இருக்கிறது.

ஆயுதம் இந்தச் சீமைக்குப் புதிதல்ல. கிருஷ்ணகிரியிலும் ராயக்கோட்டையிலும் மலைமேல் நிற்கிற கோட்டைகள் வேடிக்கைக்காகக் கட்டியவை அல்ல. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையால் பாராமகால் கும்பினியாரிடம் வந்தது. 1799ல் திப்பு மாண்ட பிறகு ஓசூரும் வந்து சேர்ந்தது. தெற்கே 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். டிசம்பரில் பாளையக்காரர் சீமையில் யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று சென்னைக் கவர்னர் பிரகடனம் செய்தார். அதில் விசாரணைக்கு இடமே இல்லை. ஊருக்கு ஊர் ஆயுதத்தைப் பிடுங்கினார்கள், அவ்வளவுதான்.

விசாரணை என்ற நாகரிகம் 1878ல் லிட்டன் பிரபுவின் ஆயுதச் சட்டத்தோடு வந்தது. இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். ஐரோப்பியர்களுக்கோ விதிகளில் விலக்கு. ஆக, முதல் கேள்வியைத் தோலின் நிறமே கேட்டுப் பதிலும் சொல்லிவிடும். அதைத் தாண்டினால் சர்க்காருக்கு விசுவாசமானவனா, ஆஸ்தி உள்ளவனா என்கிற கேள்விகள். அவன் கோபக்காரனா, குடிகாரனா என்பதெல்லாம் பிறகு.

அதே 1878 டிசம்பரில் ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்தார். அவருடைய தகப்பனார் அந்த ஊருக்குக் கிராம முன்சீப். இதை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஊரில் ஒருவன் யார், எவர் மகன், யாரோடு வரப்புத் தகராறு என்பதெல்லாம் முன்சீப்புக்குத் தெரியும். அந்த உத்தியோகத்தையே தமிழ்நாட்டில் 1980ல் எடுத்துவிட்டார்கள்.

1887ல் சென்னையில் கூடிய காங்கிரஸில் விபின் சந்திர பாலர் ஆயுதச் சட்டத்தை ரத்துச் செய்ய வேண்டும் என்று முழங்கினார். அகிம்சையே உயிர்மூச்சாக இருந்த காந்தியடிகள்கூட, 1918ல் படைக்கு ஆள் சேர்த்தபோது, ஒரு ஜாதியாரையே நிராயுதபாணிகளாக்கிய இந்தச் சட்டத்தை ஆங்கில ஆட்சியின் மிகப் பெரிய கறையாகக் குறிப்பிட்டார். 1931ல் கராச்சிக் காங்கிரஸ் இயற்றிய அடிப்படை உரிமைகளில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் தாங்கும் உரிமையும் ஒன்று.

பிறகு சுதந்திரம் வந்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் காமத் எழுந்து, கராச்சியில் சொன்னதைச் சட்டத்தில் எழுதுங்கள் என்றார். டாக்டர் அம்பேத்கர் மறுத்தார். குற்றமே தொழிலாகக் கொண்டவனும் உரிமை என்று வந்து நின்றால் என்ன செய்வது என்பது அவர் கேள்வி. சபையும் காமத்தின் திருத்தத்தைத் தள்ளிவிட்டது. அப்போது கவர்னர் ஜெனரல் மாளிகையில் இருந்தவர் தொரப்பள்ளிக்காரர். அறுபது வருஷம் கேட்ட உரிமையை, கொடுக்கும் அதிகாரம் கைக்கு வந்ததும் கொடுக்காமல் விட்டார்கள் என்று கேலி செய்வோர் உண்டு. நான் அம்பேத்கர் கட்சி. பழைய சட்டத்தின் தீமை அது விசாரித்ததில் இல்லை. தவறான கேள்விகளைக் கேட்டு விசாரித்ததில் இருந்தது.

1959ஆம் ஆண்டுச் சட்டம் கேள்விகளை மாற்றியது. வன்முறைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவனா, சித்த சுவாதீனம் உள்ளவனா, இவன் கையில் துப்பாக்கி இருந்தால் பொது அமைதி கெடுமா என்று கேட்கச் சொன்னது. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்றும் எழுதியது. அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அதை எழுதியவர்களைக் கும்பிடலாம். பயிரைக் காக்கக் குடியானவன் கேட்கிற, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கும் அதில் தனி இடம் உண்டு. ஓசூர், தேன்கனிக்கோட்டைக் காடுகளை ஒட்டியவர்களுக்கு இது பெரிய விஷயம். ராகி முற்றும் காலத்தில் பன்னார்கட்டாவிலிருந்து யானைகள் ஜவளகிரி வழியாக இறங்கி வருகின்றன. காட்டுப் பன்றிகளுக்கோ காலமே கிடையாது. யானையைச் சுட முடியாது, சுடவும் கூடாது, சத்தத்துக்குத்தான் துப்பாக்கி.

ஆயினும் லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளே அங்கே அதிகம் பேசப்படுகின்றன. தவணைக்குள் ஒப்படைத்தால் வழக்கில்லை என்று அதிகாரிகள் அறிவிப்பதும், கிராமத்தார் கொண்டுவந்து கொடுப்பதும் சமீப ஆண்டுகளிலும் நடந்திருக்கிறது. அஞ்செட்டிப் பக்கத்தில் ஒரு வயதான குடியானவரிடம், "முறையாக லைசென்ஸ் வாங்கினால் என்ன?" என்று கேட்டேன்.

"வாங்கலாமுங்க. டேசன்லேருந்து வந்து இவன் யாருன்னு விசாரிப்பாங்க. இந்த ஊருல என்னைத் தெரியாத நாய்கூடக் கெடையாதுங்க. ஆனா அந்தக் காயிதம் டேசனை விட்டுக் கெளம்பறதுக்குள்ள ரெண்டு வெள்ளாமை போயிருமுங்க" என்றார்.

நிற்க. 1962 செப்டம்பர் கடைசியில் ராஜாஜி வாஷிங்டன் போய், அணுகுண்டுச் சோதனையை நிறுத்தும்படி கென்னடியிடம் வாதாடினார். அதற்குச் சில நாட்களில், அக்டோபர் 1ஆம் தேதி, நம்முடைய புதிய ஆயுதச் சட்டம் அமலுக்கு வந்தது. மறு ஆண்டு நவம்பரில் கென்னடி மாண்டார். கொன்றது அணுகுண்டு அல்ல. பொய்ப் பெயரில் தபாலில் வரவழைத்த ஒரு துப்பாக்கி. பத்திரிகைக் கூப்பனை வெட்டி அனுப்பினால் பார்சலில் வரும், யாரும் எதுவும் கேட்பதில்லை. 1968ல் அதைத் தடுத்தார்கள். 1981ல் ரீகனைச் சுட்டபோது குண்டு பட்டு முடமானவர் அவருடைய காரியதரிசி பிரேடி. அவர் பெயரால் 1993ல் வந்த சட்டந்தான் கடைக்காரன் விற்குமுன் வாங்குபவனின் பூர்வோத்தரத்தைப் பார்க்கச் சொன்னது. அதிலும் ஒரு சந்து வைத்தார்கள். மூன்று வேலை நாட்களுக்குள் பதில் வராவிட்டால் கடைக்காரன் விற்கலாம்.

2015 ஜூன் 17ஆம் தேதி சார்ல்ஸ்டன் நகரத்து மாதாகோவிலில் ஜபத்துக்குக் கூடியிருந்த ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றவன், அந்தச் சந்தின் வழியாக வந்தவன். போதைப் பொருள் விஷயமாக முன்பே அவனைக் கைது செய்திருந்தார்கள். அந்தத் தஸ்தாவேஜு கொலம்பியா நகரப் போலீஸாரிடம் இருந்தது. விசாரித்த அதிகாரியோ அடுத்த சரகமான லெக்ஸிங்டன் போலீஸாரிடம் கேட்டார். எங்களிடம் இல்லை என்று பதில் வந்தது. பொய் அல்ல, அவர்களிடம் இல்லைதான். நாட்கள் கடந்தன, கடைக்காரன் விற்றுவிட்டான்.

இதைப் படித்தபோது எனக்கு ஜூஜூவாடிதான் நினைவுக்கு வந்தது. நம்முடைய சட்டத்திலும், 1983ல் செய்த திருத்தப்படி, மனுதாரருக்கு மிக அருகிலுள்ள போலீஸ் நிலையத்தின் அறிக்கையைக் கேட்க வேண்டும். குறித்த காலத்துக்குள் வராவிட்டால், அதற்குக் காத்திராமல் லைசென்ஸ் அதிகாரி உத்தரவு போடலாம். அதே சந்து!

அஞ்செட்டிக் கிழவருக்கு மிக அருகிலுள்ள நிலையம் என்றால் அர்த்தம் உண்டு. ஓசூரில் என்ன அர்த்தம்? சிப்காட் வந்த பிறகு, லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் டைட்டனும் வந்த பிறகு, பல ராஜ்யத்து மனிதர்கள் அங்கே வாடகைக்கு இருக்கிறார்கள். மாடியில் குடியிருப்பவர் பெயர் கீழ்வீட்டுக்காரருக்குத் தெரியாது. இதில் யாரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. வயிற்றுப் பிழைப்புக்கு வந்தவர்கள். ஆனால் நேற்று வந்த ஒருவரைப் பற்றி ஓசூர் நிலையம், "இங்கே இவர்மேல் வழக்கு ஒன்றும் இல்லை" என்று எழுதினால் அது முழு உண்மை, உபயோகமில்லாத உண்மை. அவருடைய கதை அத்திப்பள்ளியிலோ ஆனேக்கல்லிலோ கன்னடத்தில் எழுதிய ஒரு புஸ்தகத்தில் இருக்கலாம். இப்போது நிலையங்களையெல்லாம் கம்ப்யூட்டரால் இணைத்திருக்கிறார்களே என்பீர்கள். நல்ல காரியந்தான். அமெரிக்காவிலும் கம்ப்யூட்டர் இருந்தது.

அந்தச் சந்தை அடியோடு அடைத்துவிடு என்று சொல்லவும் மனம் வரவில்லை. அடைத்தால் காகிதத்தை மேஜைக்கடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஏட்டையாவிடம் கிழவரின் ராகி சிக்கிக்கொள்ளும். அவரைப் போன்றவர்களுக்காகத்தான் அந்த விலக்கே வேண்டும். பயிர் காக்கும் துப்பாக்கிக்கு, பிறந்த ஊரிலேயே இருக்கிற மனிதருக்கு, தவணை தவறினால் உத்தரவு போடட்டும். மற்றவர்களுக்கு, முன்பு குடியிருந்த இடத்துப் போலீஸ் நிலையத்தின் அறிக்கையும் வந்து சேர வேண்டும். அது எந்த ராஜ்யத்தில் இருந்தாலும் சரி, எத்தனை மாதமானாலும் சரி. அதுவரை துப்பாக்கி கடைக்காரரின் அலமாரியிலேயே இருக்கட்டும்.