தேறுதலும் தேற்றாங்கொட்டையும்

‘நம்பிக்கை என்றால் நம் கை, நம் கையை நம்பினால் போதும்’ என்று மேடைக்கு மேடை சொல்லி வருகிறார்கள். தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் தொடங்கிவைத்த இந்த விளக்கம் இப்போது ஆலயப் பிரசங்க பீடம் வரை ஏறிவிட்டது. இதைக் கேட்டுக்கொண்டு இனியும் பேசாமலிருக்க முடியாது. நம்பு என்ற வினை தொழிற்பெயர் விகுதி ஏற்று நம்பிக்கை ஆயிற்று; கோரு என்பது கோரிக்கை ஆனது அப்படித்தான். வாழ்க்கை, படுக்கை, இருக்கை எல்லாவற்றிலும் கை என்ற ஒலி உண்டு. அங்கெல்லாம் யாருடைய கையைக் காட்டுவார்கள்? தொல்காப்பியர் உரியியலில் நம்பு, மேவு என்னும் இரண்டுக்கும் நசை என்றே பொருள் சொன்னார். நசை என்பது தனக்கு வெளியே உள்ள ஒன்றை நோக்கி மனம் அவாவுவது. தன் கையைத் தானே பற்றிக்கொள்வதற்கு அந்தச் சொல்லில் இடமே இல்லை.

எனக்கு இது இலக்கணத்தோடு நிற்கிற கோபம் அல்ல. பக்கவாதத்தில் வலக்கை விழுந்துபோன என் சித்தப்பாவைப் பார்க்க வந்த ஒருவர், கட்டில் ஓரத்தில் நின்று இந்த ‘நம் கை’ விளக்கத்தைச் சொல்லி, ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். சித்தப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மடியில் கிடந்த கையை இடக்கையால் எடுத்துத் தலையணைமேல் வைத்தார். “நம்ம கைதான் நம்பிக்கைன்னா எங்கிட்ட இப்ப ஒண்ணும் இல்லையேடே” என்றார்.

அதே வீட்டு வாசலில் தெருக்காரர்கள் கேட்பது வேறு. “சாருக்கு இப்ப எப்படி இருக்கு?” என்பார்கள். “தேறிட்டு வாராக” என்று சித்தி சொல்வாள். நான் ஆராய நினைப்பது சித்தி வாயில் வந்த அந்தச் சொல்லை.

நோயாளி தேறுகிறார். மாணவன் தேர்வில் தேறுகிறான். துக்க வீட்டில் மனம் தேறும்படி சொல்கிறோம். அறுவடை முடிந்ததும் என்ன தேறும் என்று கணக்குப் பார்க்கிறோம். பள்ளிக்கூடத்தில் பிதாகரஸ் தேற்றம் படிக்கிறோம். இவை வெவ்வேறு சொற்கள் தற்செயலாக ஒரே ஒலியில் வந்து நின்றவை என்று சொல்பவர்கள் உண்டு. ஏற்க முடியாது. தெரி, தெருள், தெளி, தேர், தேறு எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். கலங்கியிருந்தது தெளிவதே அடிப்படைப் பொருள். தொல்காப்பிய இடையியலில் ஏகாரத்துக்குச் சொன்ன பொருள்களில் முதலாவது தேற்றம், அதாவது ஐயம் நீங்கிய உறுதி. வள்ளுவர் தெரிந்துதெளிதல் அதிகாரத்தில் தேறு என்பதை நம்புதல் என்ற பொருளிலேயே ஆள்கிறார். அதுவும் சோதித்துப் பார்த்த பின் வரும் நம்புதல். கள்ளின் தெளிவுக்குத் தேறல் என்று பெயர். புறநானூற்றில் அது நிலத்தில் புதைத்து முதிர வைக்கப்படுகிறது. திருமுருகாற்றுப்படையில் மூங்கிற்குழாயில் நெடுநாள் விளைகிறது. எங்கே பார்த்தாலும் இந்தச் சொல்லோடு காலமும் சேர்ந்தே வருகிறது. தேறுதலில் அவசரம் கிடையாது.

ஆறுதல் இதற்கு அண்டைவீட்டுச் சொல். பால் ஆறுகிறது, புண் ஆறுகிறது. சூடும் எரிச்சலும் தணிவது ஆறுதல். தணிந்த பிறகும் மனம் கலங்கியே கிடக்கலாம். ஆகவேதான் ‘ஆறுதல் தேறுதல்’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்கிறோம். பாபிலோனில் சிறையிருந்த மக்களுக்கான ஏசாயா 40-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் எபிரெயம் ஒரே வினையை இரண்டு முறை அடுக்குகிறது. தமிழ் வேதாகமம் அங்கே ஆற்று, தேற்று என இரண்டு வினைகளை வைத்தது. சங்கீதம் 23-இல் நேர்மாறு. மூன்றாம் வசனத்தில் உயிரைத் திரும்பக் கொண்டுவருதல் என்ற பொருளில் ஒரு வினை, நான்காம் வசனத்தில் துக்கம் ஆற்றுதல் என்ற பொருளில் வேறொரு வினை. தமிழில் இரண்டுக்கும் தேற்று. இதைப் பிழை என்று ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். உடம்பு தேறுவதும் மனம் தேறுவதும் தமிழனுக்கு ஒரே சொல் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

இனிச் சொல்லைவிட்டு, அதைப் பெயரில் தாங்கிய பொருளுக்கு வருகிறேன். தேற்றாமரம் எட்டிமரத்துக்கு நெருங்கிய இனம். எட்டி நஞ்சு, இதன் கொட்டையோ குடிநீருக்கு உதவுவது. ஊரில் தேத்தாங்கொட்டை என்பார்கள். ‘தேற்றா’ என்பதை எதிர்மறையாகக் கொண்டு தேற்றாத கொட்டை என்று பிரிப்பது அறியாமை. விளா, விளாங்காய் ஆவதுபோலத் தேற்றா, தேற்றாங்கொட்டை ஆயிற்று. பழம்பெயர் இல்லம். இந்த மரப்பெயர் புணர்வதற்குத் தொல்காப்பியத்தில் தனி விதியே இருக்கிறது.

ஆற்று ஊற்றும் குளமும் செம்மண் கலந்து ஓடும் மழைக்காலத்தில், மண்குடத்தின் உட்பக்கத்தில் இந்தக் கொட்டையைச் சிறிது நீர் விட்டு உரசுவார்கள். வெண்மையாக ஒரு விழுது படியும். அதன்மேல் கலங்கல் நீரை ஊற்றி அசைக்காமல் வைத்துவிட வேண்டும். கொட்டையின் பசை நீரில் மிதக்கும் நுண்மண்ணை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கனமாக்குகிறது. கனத்த மண் மெல்லக் கீழிறங்குகிறது. மேல்நீர் முதலில் தெளியும், பிறகு நடுநீர். மண் எங்கும் போய்விடுவதில்லை, அடியில்தான் கிடக்கிறது. யாராவது குடத்தை இடித்துவிட்டால் மறுபடி கலங்கும், வைத்தால் மறுபடி தெளியும். வடமொழியில் இந்தக் கொட்டைக்குக் கதகம் என்று பெயர். அந்தப் பெயரைச் சொன்னதால் மட்டும் நீர் தெளியாது என்று மனு நூலே கூறுகிறது. கலித்தொகை 142-ஆம் பாட்டில் பிரிவால் பித்தேறிப் புலம்பிய தலைவி, தலைவன் வந்ததும் தெளிகிறாள். நல்லந்துவனார் அங்கே காட்டும் உவமை இல்லத்தின் விதையால் தேற்றப்பட்ட கலங்கல் நீர். அவள் தானாகத் தெளியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவளைத் தேற்ற ஒருவன் வந்தான்.

தேறு தன்வினை, தேற்று பிறவினை. தேற்று என்பதோடு அரவு விகுதி சேரத் தேற்றரவு.  பாம்பைக் குறிக்கும் அரவுக்கும் இதற்கும் உறவில்லை. தேற்றரவு என்பதிலிருந்து தேற்றரவாளன். யோவான் 14-இல் இயேசு தாம் போனபின் வருவதாகச் சொன்ன ஆவியானவருக்குத் தமிழ்க் கிறிஸ்தவம் தந்த பெயர் இது. கிரேக்கத்தில் பராக்லேத்தோஸ், அருகே அழைக்கப்பட்டவர் என்று பொருள். 1995-இல் வந்த திருவிவிலியம் துணையாளர் என்கிறது. கிரேக்கத்துக்கு அது நெருக்கம்தான். ஆனால் துணை என்பது கூட நிற்பதோடு முடிந்துவிடுகிறது. தேற்றரவு குடத்துக்குள் இறங்கி வேலை செய்கிறது.

சித்தப்பாவின் விரல்கள் சட்டையின் மேல்பொத்தானைப் போடும் அளவுக்கு ஒருமுறை வந்தன. அடுத்து வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு ஸ்பூனைக்கூடப் பிடிக்கவில்லை. பிசியோதெரபி செய்ய வருகிற பெண், மஞ்சள் ஸ்பாஞ்சுப் பந்தை உள்ளங்கையில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டு, முதலிலிருந்து தொடங்கினாள். இப்படி மறுபடி கலங்கிவிட்டோம், ஆகவே விசுவாசம் குறைந்துவிட்டது என்று எண்ணுகிறவர்கள் நம் சபைகளில் மிகுதி. வாரம் தவறாமல் வெற்றிச் சாட்சியே கேட்டுப் பழகியதன் விளைவு அது. பவுல் ரோமர் 5-இல் வைத்த வரிசையைப் பார்க்கட்டும்: முதலில் உபத்திரவம், அதிலிருந்து பொறுமை, பொறுமையிலிருந்து பரீட்சை, எல்லாவற்றுக்கும் கடைசியில் நம்பிக்கை. தெரிந்துதெளிதல் அதிகாரமும் இதே ஒழுங்கில்தான் செல்கிறது. சித்தப்பா இப்போது பந்தை அழுத்துகிறார், பொத்தான் வரை இன்னும் வரவில்லை. ஜெபத்தில் கைக்காகக் கேட்பதை அவர் நிறுத்தவில்லை.

கடைசியாக ஒன்று. பவுலின் எல்பிஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பழைய வேதாகமம் நம்பிக்கை என்று வைத்தது. விசுவாசம் வடசொல் என்று கருதித் திருவிவிலியம் அதை விலக்கி, அந்த இடத்தில் நம்பிக்கையை அமர்த்த நேர்ந்தது. எல்பிஸுக்கு எதிர்நோக்கு புதிதாக வந்தது. 2025 யூபிலி ஆண்டில் கத்தோலிக்க ஆலயங்களெல்லாம் அச்சொல்லையே முழங்கின. எதிர்நோக்கு நல்ல சொல்தான், ஆனால் அதில் கண் மட்டும் இருக்கிறது. வெகுநாள் படுத்தவருக்கு எதிரே தெரிவது சுவர். நான் மொழிபெயர்ப்புக் குழுவில் இருந்திருந்தால் எல்பிஸுக்குத் தேற்றம் என்றே வைக்கச் சொல்லியிருப்பேன். ஐயம் நீங்கிய உறுதி என்று தொல்காப்பியர் தந்த பொருளும், நோயிலிருந்து மெல்ல மீள்வது என்று சித்தி சொல்லும் பொருளும், தேற்றுகிறவர் ஒருவர் உண்டு என்ற யோவானின் பொருளும் அந்த ஒரு சொல்லில் இருக்கின்றன. அகராதியில் ஆதாரம் கேட்பவர்கள் கலித்தொகையைத் திறந்து பார்க்கட்டும். அடுத்த திருத்தப் பதிப்பிலாவது இச்சொல் இடம்பெற வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.