பூஞ்சேரியில் ஜெயித்த கோப்பை

2022 ஜூலை கடைசியில் திருவிடந்தை வழியாகப் போன பஸ்களில் எல்லாம் செஸ் பேச்சுதான். வேட்டி சட்டை போட்ட குதிரை 'தம்பி' பார்க்கிற சுவரிலெல்லாம் கும்பிட்டுக்கொண்டு நின்றது. நித்ய கல்யாணப் பெருமாளைச் சேவிக்க வந்த குடும்பங்கள்கூட, 'ஒலிம்பியாட் நடக்கிற இடம் இன்னும் எவ்வளவு தூரம்?' என்று விசாரித்தன. மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை அந்த 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. ரஷ்யாவில் நடக்க வேண்டியது, உக்ரைன் போரால் நம் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

அங்கே கொடுத்த கோப்பைகளில் ஒன்றைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

பொதுப் பிரிவில் ஜெயிக்கும் நாட்டுக்கு ஹாமில்டன் ரஸ்ஸல் கோப்பை. 1927-ல் லண்டனில் நடந்த முதல் ஒலிம்பியாடுக்காக ஓர் ஆங்கிலேயச் செல்வந்தர் கொடுத்தது; முதலில் வாங்கியது ஹங்கேரி. பெண்கள் பிரிவுக்கான கோப்பைக்கு வேரா மென்சிக் பெயர். முதல் பெண் உலக சாம்பியன், 1944-ல் லண்டனில் ஜெர்மன் குண்டுவீச்சில் இறந்துபோனவர். மூன்றாவதாக ஒன்று உண்டு. ஆண், பெண் இரு பிரிவிலும் சேர்த்துப் பார்த்தால் எந்த நாடு முதலில் நிற்கிறதோ, அதற்கு நோனா கப்ரிந்தாஷ்விலி கோப்பை. நோனா ஜார்ஜியா நாட்டுக்காரர். 1962 முதல் 1978 வரை பெண்கள் உலக சாம்பியன். கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி. அவர் பெயரில் 1997-ல் இந்தக் கோப்பையை ஏற்படுத்தினார்கள்.

மூன்றுமே சுழற்கோப்பைகள். ஜெயித்தவர் அடுத்த ஒலிம்பியாட் வரை வைத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

பூஞ்சேரியில் பொதுப் பிரிவில் உஸ்பெகிஸ்தானுக்குத் தங்கம், பெண்கள் பிரிவில் உக்ரைனுக்குத் தங்கம். நமக்கு இரண்டிலும் வெண்கலம். குகேஷ், நிஹல், பிரக்ஞானந்தா, அதிபன், ரௌனக் ஆடிய இரண்டாவது அணி ஒரு வெண்கலம் வாங்கியது. பெண்கள் அணி கடைசிச் சுற்றுவரை தனியாக முதலிடத்தில் இருந்துவிட்டு அமெரிக்காவிடம் தோற்றது. நிறைமாதக் கர்ப்பிணியாக ஹரிகா வந்து ஆடியதைப் பற்றி எங்கள் தெருப் பெண்கள் ரொம்ப நாள் பேசினார்கள். இரண்டு வெண்கலத்தையும் சேர்த்துப் பார்த்தபோது எல்லா நாட்டையும் விட நாம் மேலே இருந்தோம். நோனா கோப்பை இந்தியாவுக்கு வந்தது.

வந்த கோப்பை காணாமல் போயிற்று. 2024 செப்டம்பரில் புடாபெஸ்டில் அடுத்த ஒலிம்பியாட். கோப்பையைத் திருப்பிக் கொடுக்கத் தேடினால் இல்லை. இந்திய சதுரங்க சம்மேளனத்தாரே இதை ஒத்துக்கொண்டு, அதே மாதிரி ஒன்று செய்ய ஏற்பாடு செய்திருப்பதாகப் பத்திரிகைகளிடம் சொன்னார்கள்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். உலக சதுரங்க சம்மேளனமான 'ஃபிடே' 1924-ல் பாரிஸில் பிறந்தது. அந்தப் பெயரே பிரெஞ்சுச் சொற்களின் முதலெழுத்துகள்தான். 'எஷெக்' என்ற சொல்லைப் பன்மையில் சொன்னால் சதுரங்கம், ஒருமையில் சொன்னால் தோல்வி. செய்தியைப் படித்தபோது அந்த ஒருமைதான் ஞாபகம் வந்தது.

உத்தியோகத்தில் இருந்தபோது எனக்கே இப்படி ஓர் அனுபவம். இலாகா விளையாட்டுப் போட்டியில் கேரம் ஷீல்டு ஒன்றை எங்கள் ஆபீஸ் ஜெயித்தது. அதை அலமாரி மேல் வைத்தோம். வருஷம் திரும்பிக் கேட்டு வந்தபோது இல்லை. நடுவில் ஓர் அதிகாரி மாறிப் போயிருந்தார், ஆபீசுக்கு வெள்ளையடித்தார்கள், அலமாரியும் இடம் மாறியிருந்தது. பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். கால் உடைந்த நாற்காலி இருந்தது, ஓடாத மேஜை விசிறி இருந்தது, ஷீல்டு இல்லை. சர்க்கார் பணத்தில் வாங்காத பொருள் என்று யாரும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றவில்லை. ஏற்றியிருக்க வேண்டிய குமாஸ்தா நான்தான். அதை இன்றுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுப் புதிதாகச் செய்து கொடுத்தோம். பழையதைவிடப் பளபளப்பு. ஆனால் பழையதில் வருஷ வாரியாக அடித்திருந்த பித்தளைத் தகடுகள் போனது போனதுதான். முன்னால் ஜெயித்தவர்களில் இரண்டு பேர் வந்து புது ஷீல்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார்கள்.

சம்மேளனத்தில் என்ன நடந்தது என்று நான் தீர்ப்பு சொல்ல வரவில்லை. ஆனால் கோப்பை யார் கையில் வந்தது, எந்த அலமாரிக்குப் போனது என்று இரண்டு வரி, ஒரு கையெழுத்து, அவ்வளவு போதும். அதற்கு கிராண்ட்மாஸ்டர் மூளை வேண்டாம்.

புடாபெஸ்டில் நம் பிள்ளைகள் இரண்டு பிரிவிலும் தங்கமே வாங்கினார்கள், இந்திய சரித்திரத்தில் முதல் தடவையாக. ஹாமில்டன் ரஸ்ஸல், வேரா மென்சிக் இரண்டு கோப்பையும் நமக்கு. நோனா கோப்பையும் மறுபடி நமக்கே. ஆக இப்போது பத்திரப்படுத்த வேண்டியது மூன்று. அடுத்த ஒலிம்பியாட் 2026-ல் உஸ்பெகிஸ்தானில்.