பாறணை இல்லாத பட்டினி

கொழும்பில் 1921இல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தபோது, அதனை அண்டிய பம்பலப்பிட்டியும் தெற்கேயுள்ள வெள்ளவத்தையும் பிற மாவட்டங்களிலிருந்து படிக்க வந்த தமிழ் மாணவர் உறவினர் வீடுகளிலும் போர்டிங்குகளிலும் தங்கும் இடங்களாயின. செட்டியார் தெருவிலிருந்து ஆடிவேல் வந்து தங்கும் கதிரேசன் கோயில்கள் பம்பலப்பிட்டியில் இருந்தமையால், மாணவியர் தாய்வீட்டில் பழகிய விரதங்களை இங்கும் தொடர முடிந்தது.

அவற்றுள் கேதாரகௌரி விரதம் புரட்டாதி வளர்பிறைத் தசமியில் தொடங்கி ஐப்பசி அமாவாசையில் முடிவது. 21 நாளும் ஒருபொழுது, அதாவது நாளுக்கு ஒருவேளை மட்டும், உண்டு, நிறைவில் 21 இழைக் காப்பைக் கட்டிக்கொள்வர். கந்தசஷ்டியில் ஆறு நாள் பாலும் பழமும் உண்டோ, தண்ணீர் மட்டும் பருகியோ நோற்றவர்கள், சூரன்போருக்கு மறுநாட் காலை பாறணை செய்வர். விரதத்தை முறைப்படி முடித்துவைக்கும் உணவே பாறணை எனப்படும்.

பாறணையே இல்லாத பட்டினியும் உண்டு. உணவை மறுத்து உடல் மெலியும் அந்நோயை 1873இல் பாரிஸில் மருத்துவர் லசேக்கும் இலண்டனில் மருத்துவர் வில்லியம் கல்லும் தனித்தனியே விவரித்தனர். கல் அதற்கு இட்ட 'அனோரெக்சியா நெர்வோசா' என்னும் பெயரே நிலைத்தது. அளவின்றி உண்டபின் வாந்தியெடுத்து ஈடுசெய்யும் 'புலிமியா நெர்வோசா'வை 1979இல் ஜெரால்ட் ரசல் வகைப்படுத்தினார். உடல் பருத்துவிடும் என்னும் அச்சமே இவற்றின் அடையாளம் என்று மேற்கத்திய மருத்துவம் கொண்டிருந்த வேளையில், 1990களில் ஹொங்கொங்கில் உளமருத்துவர் சிங் லீ ஆராய்ந்த நோயாளிகளுள் பலர் அவ்வச்சத்தைக் கூறாது, வயிறு நிறைந்திருப்பதாகவும் பசியே இல்லை எனவும் கூறினர். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடும், நோயாளி அவ்வச்சத்தை வாய்விட்டுக் கூறாவிடினும், எடை கூடுவதைத் தொடர்ந்து தடுக்கும் நடத்தையை அறிகுறியாக ஏற்றது.

உண்ணாமைக்கு மதிப்பு உள்ள சமூகத்தில் 'இன்று விரதம்', 'வயிறு சரியில்லை', 'சோதனை நெருங்குகிறது' என்னும் விடைகள் மேலும் கேள்விக்கு இடம் வைப்பதில்லை. வீட்டாரின் கண்ணுக்கு எட்டாத போர்டிங் அறையில் அவ்விடைகளின் பின்னே நோய் நெடுநாள் மறைந்திருக்கலாம். ஆயினும் விரதத்துக்குத் திதியும், உடன் நோற்பவரும், பாறணையும் உண்டு. நோய் முடிவுநாளைத் தள்ளிக்கொண்டே போய், உண்பதையும் உண்ணாமையையும் பிறரிடமிருந்து ஒளிக்கும். ஆகவே மாதவிடாய் நின்று, மயக்கமும் வந்து மெலியும் மாணவியிடம் ஏன் உண்ணவில்லை என்று வினவும் மருத்துவர், அவள் கூறும் விரதம் எந்நாளில் முடியும் என்பதையும் வினவுதல் வேண்டும்.