விசைமுகம் ஏறிய தமிழ்

தமிழ் நெடுங்கணக்கில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என எழுத்துகள் 247 ஆகும். ஆங்கிலத் தட்டச்சுப் பொறியிலோ ஏறத்தாழ 45 விசைகளே உண்டு. மாற்று விசையின் துணையால் ஒரு விசைக்கு ஈரெழுத்து எனக் கொண்டாலும் 90 இடங்களுக்கு மேல் கிட்டா. இவ்விரு எண்களுக்கும் இடையே நிகழ்ந்த போராட்டமே தமிழ்த் தட்டச்சின் வரலாறு எனலாம்.

1868ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஷோல்ஸ் என்பாரும் அவர்தம் தோழரும் உரிமம் பெற்ற பொறி, 1874இல் ரெமிங்டன் நிறுவனத்தாரால் விற்பனைக்கு வந்தது. அஃது ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்து நிற்கும் எழுத்துகளுக்கென அமைந்த கருவி. முன்னே கொம்பும் பின்னே காலும் தலையிலே புள்ளியும் பூணும் தமிழெழுத்தை அதனைச் சமைத்தோர் கண்டாரல்லர்.

விசையின் தலைமுகத்தில் ஆங்கில எழுத்தை அகற்றித் தமிழெழுத்தைப் பதித்துவிட்டால் போதுமே என்று தோன்றலாம். ஆனால் விசைமுகம் வெறும் பெயர்ப்பலகையே. தாளில் பதிவது நெம்புகோலின் நுனியில் பற்றவைக்கப்பட்ட அச்சுரு. அவ்வுருவையும் மாற்றியாதல் வேண்டும். மாற்றும்போது மயிரிழை பிசகினும் ஓரெழுத்து வரிக்கு மேலேறும், மற்றொன்று கீழிறங்கும். போதாக்குறைக்கு, பொறி எல்லா எழுத்துக்கும் ஒரே அகலத்தையே அளந்து தருவது. 'ர' வுக்கும் 'ண' வுக்கும் ஒரே அகலம் என்றால் 'ண' நெரிந்து போகாமல் என் செய்யும்?

இச்சிக்கலைத் தீர்க்க முன்வந்தவர்களுள் முதன்மையானவர், யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்த ஆர். முத்தையா. 1907இல் மலாயா வந்து, சிங்கப்பூர் வணிக நிறுவனம் ஒன்றில் எழுத்தராக நெடுங்காலம் பணிபுரிந்தவர் அவர். ஆங்கிலக் கடிதங்கள் பொறியில் விரைந்தோடத் தமிழ்க் கடிதம் மட்டும் கையெழுத்திலேயே கிடந்ததை அன்றாடம் கண்டவர். அவர் அமைத்த பொறிகள் செருமனியில் செய்விக்கப்பெற்றன; அவற்றுள் 'பிஜோ' எனும் கையடக்கப் பொறி பலர் மேசையிலும் இடம்பெற்றது. தமிழ்த் தட்டச்சின் தந்தை என அவரைப் போற்றுவது மிகையன்று. நம் மாணவருள் அவர் பெயரறிந்தோர் சிலரே என்பதுதான் வருந்தத்தக்கது.

அவர் கையாண்ட நுட்பம் நகரா விசை. பொதுவாக ஒரு விசையை அழுத்தினால் தாளுருளை ஓரிடம் நகரும். புள்ளிக்குரிய விசையை அழுத்தினாலோ அது நகராது நிற்கும். அடுத்துத் தட்டும் எழுத்து அப்புள்ளியின் கீழேயே வந்து அமரும். ஆகவே தட்டச்சர் 'க்' எழுதப் புள்ளியை முன்னும் ககரத்தைப் பின்னும் தட்டினார். 'கொ' வெனில் கொம்பு, ககரம், கால் என மூன்று தட்டு. உகர, ஊகார வரிசைகளே பெருந்தொல்லை தந்தவை. 'கு', 'சு', 'டு', 'மு' ஆகியன ஒன்றையொன்று ஒத்திராமையால், ஒரே குறியைக் கொண்டு அனைத்தையும் ஆக்க இயலவில்லை. இவை பல இடங்களை விழுங்கின.

எழுத்துக்கேற்பப் பொறியை வளைப்பதா, பொறிக்கேற்ப எழுத்தைத் திருத்துவதா என்ற வினா அக்காலத்தே எழுந்தது. பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் கையாண்ட சீர்திருத்த வடிவங்களைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது; சிங்கப்பூர் 1983இல் ஏற்றது. 'ணை', 'லை', 'றா', 'னா' முதலியவற்றின் தனியுருவங்கள் நீங்கவே அச்சுக்கோப்போர் சுமையும் குறைந்தது. ஆயினும் உகர வரிசை அன்றுபோல் இன்றும் அப்படியே உள்ளது.

கணினி வந்தபின் இத்தொல்லைகளுள் பல அற்றன. எழுத்துருவைப் பொறுத்தும் வேலை மென்பொருளுக்குச் சென்றது. 1999இல் தமிழக அரசு ஏற்ற 'தமிழ்99' அமைப்பில் உயிர்கள் இடக்கையிலும் மெய்கள் பெரிதும் வலக்கையிலும் அமைந்தன. 'க' வை அடுத்து 'இ' யைத் தட்டினால் 'கி' தோன்றும். புள்ளியும் முன்னிடம் விட்டுப் பின்னுக்கு வந்தது.

எனினும் கடைகளில் விற்கும் விசைப்பலகைகளில் ஆங்கில எழுத்துகளே பொறிக்கப்பட்டுள்ளன. தமிழ் வேண்டுவோர் ஒட்டுத்தாள்களை வாங்கி விசைமுகந்தோறும் ஒட்டுகின்றனர். விரல் அதிகம் படும் விசைகளில் அவை விரைவில் தேய்ந்துவிடுகின்றன. ஆங்கிலத் தட்டச்சரின் சுட்டுவிரல்கள் இடமறிவதற்கென இரு விசைகளில் சிறு மேடு வைத்திருப்பர். தமிழ்99 அமைப்பில் அவ்விரு மேடுகளுள் ஒன்று ஆய்தத்திற்கும் புள்ளிக்கும் உரியது. மற்றொன்று பகரத்திற்கு உரியது.