செரி கவுண்டி, நெப்ராஸ்கா

செரி கவுண்டி அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், தெற்கு டகோட்டா எல்லையை ஒட்டிப் பரந்து கிடக்கிறது. பரப்பளவு ஏறத்தாழ 15,500 சதுர கிலோமீட்டர். மாநிலத்தின் 93 கவுண்டிகளில் இதுவே பெரியது. கனெக்டிகட் மாநிலம்கூட இதைவிடச் சிறியது. 2020 கணக்கெடுப்பின்படி இங்குள்ள மக்கள் 5,455 பேர் மட்டுமே. அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தலைமையிடமான வேலன்டைன் நகரில் வசிக்கிறார்கள். நகரை விட்டு வெளியே வந்தால், சராசரியாக ஐந்து சதுர கிலோமீட்டருக்கு ஒருவர் என்ற அளவில்தான் மனித நடமாட்டம் இருக்கிறது. கிழக்குப் பகுதி ஒரு நேர மண்டலத்திலும் மேற்குப் பகுதி இன்னொன்றிலும் இருப்பதால், கவுண்டிக்குள்ளேயே கடிகாரம் ஒரு மணி நேரம் மாறுகிறது.

ஆள் குறைவுக்குக் காரணம் மண்தான். கவுண்டியின் பெரும்பகுதி சாண்ட்ஹில்ஸ் எனப்படும் மணற்குன்றுப் பரப்பில் அடங்கும். சுமார் 50,000 சதுர கிலோமீட்டர் விரிந்துள்ள அப்பரப்பு, மேற்கு அரைக்கோளத்திலேயே மிகப்பெரிய மணற்குன்றுத் தொகுதி. காற்று கொண்டுவந்து குவித்த இக்குன்றுகள் சில இடங்களில் 100 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கின்றன. ஆயினும் இது பாலைவனம் அன்று. குன்றுகள் முழுவதும் புல் போர்த்தியிருக்கிறது. அதன் வேர்கள்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. நீண்ட வறட்சியில் புல் அழிந்து, குன்றுகள் மறுபடி நகரத் தொடங்கிய காலங்கள் கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் பலமுறை வந்து போயிருக்கின்றன. இன்றும் ஓரிடத்தில் புல் கிழிந்தால் காற்று அங்கே குழி பறிக்கும். கவனிக்காவிட்டால் குழி ஆண்டுக்கு ஆண்டு அகன்றுகொண்டே போகும். பண்ணைக்காரர்கள் பழைய டயர்களையும் வைக்கோலையும் போட்டு அதை அடைக்கிறார்கள். அதேவேளை இத்தகைய திறந்த மணற்குழிகளில் மட்டுமே வாழும் பென்ஸ்டமன் வகைச் செடி ஒன்று, குழிகள் அடைபட அடைபட அருகிப்போய், 1987-இல் அழியும் ஆபத்திலுள்ள தாவரங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

மணலின் மறுபக்கம் தண்ணீர். பெய்யும் மழை வழிந்தோடாமல் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் ஓகலாலா நிலத்தடி நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. குன்றுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் நிலத்தடி நீர் மேலே வந்து ஏரிகளாகவும் ஈரப் புல்வெளிகளாகவும் நிற்கிறது. ஊற்றுகளே ஊட்டுவதால் இங்குள்ள ஆறுகள் கோடையிலும் வற்றுவதில்லை. வடபகுதியில் ஓடும் நயோப்ரரா ஆற்றின் பள்ளத்தாக்கு தாவரவியலாளர்களுக்கு ஒரு புதையல். மேற்கு மலைகளின் பாண்டரோசா பைன், கிழக்குக் காடுகளின் இலையுதிர் மரங்கள், பனியுகக் காலத்தின் எச்சமாக நிழல் சரிவுகளில் தங்கிவிட்ட வடபுலத்துக் காகிதப் பூர்ச்ச மரம் ஆகியவை ஒரே பள்ளத்தாக்கில் அருகருகே வளர்கின்றன. வேலன்டைனுக்கு அருகிலிருந்து கிழக்கே 76 மைல் நீளத்துக்கு இந்த ஆறு 1991-இல் தேசிய எழில் ஆறாக அறிவிக்கப்பட்டது. மாநிலத்தின் மிக உயரமான நீர்வீழ்ச்சியான ஸ்மித் அருவியும் இந்த ஆற்றின் கரையில்தான் விழுகிறது. கோடையில் வரும் பயணிகள் படகில் மட்டுமல்லாமல், மாடுகளுக்குத் தண்ணீர் வைக்கும் பெரிய வட்டத் தொட்டிகளில் அமர்ந்தும் ஆற்றோடு மிதந்து செல்கிறார்கள்.

இந்நிலம் லகோட்டா மக்களின் வேட்டை நிலங்களில் ஒன்றாக இருந்தது. காட்டெருமைகள் அழிக்கப்பட்டபின் அவர்கள் வடக்கே ரோஸ்பட் ஒதுக்ககத்துக்குள் ஒடுக்கப்பட்டனர். அவர்களைக் கண்காணிக்க அமெரிக்க ராணுவம் 1880-இல் நயோப்ரரா கோட்டையை நிறுவியது. 1881-இல் கொல்லப்பட்ட அக்கோட்டையின் இளம் அதிகாரி சாமுவேல் செரியின் பெயரே, 1883-இல் கவுண்டி அமைக்கப்பட்டபோது அதற்கு இடப்பட்டது. கறுப்பினப் படைப்பிரிவுகளும் கோட்டையில் பணியாற்றின. 1906-இல் கோட்டை கைவிடப்பட்டது. 1912-இல் அந்த இடமே வனவிலங்குப் புகலிடமாகி, நன்கொடையாக வந்த ஆறு காட்டெருமைகளுடன் தொடங்கிய மந்தை இன்றும் அங்கே மேய்கிறது.

வெள்ளையர்கள் முதலில் மணற்குன்றுகளுக்குள் நுழையவே அஞ்சினர். உள்ளே போன மாடு திரும்பாது என்று கருதினார்கள். 1879-இல் ஒரு பனிப்புயலில் சிதறி உள்ளே ஓடிய மந்தையைத் தேடிச் சென்றவர்கள், மாடுகள் கொழுத்து நிற்பதைக் கண்டபிறகு அந்த அச்சம் போயிற்று. பெருமுதலாளிகள் அரசு நிலத்தையும் சேர்த்து வேலி போட்டு ஆண்டார்கள். செரி, ஷெரிடன் கவுண்டிகளில் பரந்திருந்த ஸ்பேட் பண்ணையின் உரிமையாளர் பார்ட்லெட் ரிச்சர்ட்ஸ் அரசு நில மோசடி வழக்கில் தண்டிக்கப்பட்டு, 1911-இல் காவலில் இருக்கும்போதே இறந்தார்.

1862-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தது. அயோவா போன்ற செழித்த மண்ணுக்கு அது போதும். இந்த மணலில் அதை வைத்துக்கொண்டு ஒரு சிறு மந்தையைக்கூட வளர்க்க இயலாது. நெப்ராஸ்கா காங்கிரஸ் உறுப்பினர் மோசஸ் கின்கெய்ட் 1904-இல் கொண்டுவந்த சட்டம் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் அதை 640 ஏக்கராக உயர்த்தியது. மக்கள் திரண்டு வந்தார்கள். 1900-இல் ஆறாயிரத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை 1920-இல் 11,753 ஆனது. இதுவரை எட்டிய உச்சம் அதுவே. வந்தவர்களில் பலர் மணலை உழுதார்கள். உழுத மண் காற்றில் பறந்தது. 640 ஏக்கரும் போதாது என்பது சில ஆண்டுகளிலேயே தெரிந்துவிட, நிலத்தை அண்டைப் பண்ணைகளுக்கு விற்றுவிட்டு வெளியேறினார்கள். சட்டம் எழுதியவர்கள் ஏக்கரைக் கணக்கிட்டார்களே தவிர, ஒரு மாட்டைக் காப்பாற்ற எவ்வளவு புல் வேண்டும் என்று கேட்கவில்லை.

அந்தக் குடியேறிகளில் தனியாகச் சொல்ல வேண்டியவர்கள் டிவிட்டி கிராமத்தார். நார்த் லூப் ஆற்றங்கரையில் கறுப்பினக் குடும்பங்கள் 1907 அளவில் உருவாக்கிய இவ்வூர் பின்னாளில் ஆடேஷஸ் என்றும் அழைக்கப்பட்டது. அடிமை முறைக்குத் தப்பிக் கனடா சென்றவர்களின் வழிவந்தோர் இவர்களில் பலர். புல் வேர் பிணைந்த மண்கட்டிகளை வெட்டி வீடு கட்டினார்கள். பள்ளிகளும் தேவாலயமும் நிறுவினார்கள். பேஸ்பால் அணியும் வைத்திருந்தார்கள். நெப்ராஸ்காவில் மிக நீண்ட காலம் நிலைத்த கறுப்பின நாட்டுப்புறக் குடியிருப்பு இதுவே. மணல் இவர்களுக்கும் விதிவிலக்கு அளிக்கவில்லை. 1930-களுக்குள் ஊர் ஏறக்குறையக் காலியாயிற்று. அங்கே ஓர் ஊர் இருந்ததைச் சொல்லும் வரலாற்றுப் பலகை 2016-இல்தான் வைக்கப்பட்டது.

இன்று பிழைப்பு மாட்டிறைச்சிக் கால்நடை வளர்ப்புதான். இறைச்சி இனத் தாய்ப்பசுக்களின் எண்ணிக்கையில் அமெரிக்காவின் கவுண்டிகளிலேயே செரி முதலிடம் பெற்றிருக்கிறது. மனிதர்களைவிட மாடுகள் பல மடங்கு. வசந்தத்தில் கன்றுகள் பிறக்கும். கோடையில் மாடுகள் குன்றுகளில் மேய, ஈரப் புல்வெளிகளில் குளிர்காலத்துக்கான புல் அறுத்து உலர்த்தப்படும். இலையுதிர் காலத்தில் கன்றுகள் சந்தை ஏலத்துக்குப் போய், பிறகு வேறு இடங்களிலுள்ள தீவனக் கொட்டில்களில் கொழுக்க வைக்கப்படும். மேய்ச்சல் நிலங்களில் காற்றாலைகள் நீரிறைத்துத் தொட்டிகளை நிரப்புகின்றன. ஒரு பகுதியில் மேய்ச்சல் மிஞ்சிவிடாமல் மந்தையை இடம் மாற்றிக்கொண்டே இருப்பதுதான் பண்ணைக்காரரின் முதன்மைத் திறமை. 1970-களில் சுழல் பாசனக் கருவிகளை நம்பிச் சாண்ட்ஹில்ஸில் மக்காச்சோளம் பயிரிட முயன்றவர்களில் பலர், கின்கெய்ட் காலத்தவர் பட்டதையே பட்டார்கள். இப்போதைய கவலை செந்தேவதாரு மரங்கள். புல்வெளித் தீ அடக்கப்பட்டதால் அவை பரவி, புல்லை விழுங்கி வருகின்றன.

மெர்ரிமன் அருகே வாழ்ந்த பண்ணைக்காரரான ஈவா பௌரிங், 1954-இல் அமெரிக்க செனட்டுக்கு நியமிக்கப்பட்டு, நெப்ராஸ்காவிலிருந்து அங்குச் சென்ற முதல் பெண்ணானார். அவரது பண்ணை இப்போது மாநில வரலாற்றுப் பூங்கா.

வேலன்டைனைத் தவிர மற்றவை சிற்றூர்கள்: கோடி, கில்கோர், குரூக்ஸ்டன், நென்சல், மெர்ரிமன், வுட் லேக். எல்லாம் பழைய ரயில் பாதையை ஒட்டி முளைத்தவை. ரயில் நின்றுவிட்டது, தண்டவாளத் தடம் நடைபாதையாக மாறி, நயோப்ரராவுக்கு மேலே உயர்ந்து நிற்கும் பாலத்தைக் கடந்து செல்கிறது. பிப்ரவரி மாதத்தில் ஊர்ப்பெயரின் முத்திரைக்காகவே காதலர் தின வாழ்த்து அட்டைகள் வேலன்டைன் அஞ்சலகத்துக்குக் குவிகின்றன. மின்விளக்குகள் அரிதாக இருப்பதால், மெர்ரிட் நீர்த்தேக்கத்தில் 1990-களிலிருந்து ஆண்டுதோறும் விண்மீன் பார்வையாளர்கள் கூடுகிறார்கள்.

மெர்ரிமனிலிருந்து வேலன்டைனுக்கு ஏறக்குறைய 60 மைல். மருத்துவமனைக்கோ பெரிய கடைக்கோ நெடுந்தூரம் போய்வருவது இங்குள்ளவர்களின் அன்றாட வாழ்க்கை. 200 பேர்கூட இல்லாத கோடியில் மளிகைக் கடை இல்லாமற்போனபோது, பள்ளி மாணவர்கள் முன்வந்தார்கள். வைக்கோல் கட்டுகளால் சுவரெழுப்பிய கட்டடத்தில் 2013-இல் திறக்கப்பட்ட அந்தக் கடையை அவர்களே நடத்தி, கணக்கும் வணிகமும் அதிலேயே கற்றார்கள்.